மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் பக்கத்துக் கல்யாண வீடுகளில் புடவை எடுத்து, நகை எடுத்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச் எடுப்பது? மோதிரத்துக்கு அன்றைய தங்க விலை இருக்கிறது. எத்தனை கிராம் என்று முடிவு செய்தால் போதும். வாட்ச்சுக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. ஆயிரத்துச் சொச்சத்துக்கும் கிடைக்கிறது, பல லட்சத்துக்கும் கிடைக்கிறது. மணியைச் சரியாகக் காட்டுவது எது என்று மட்டும் கேட்டால், ஆயிரத்துச் சொச்சத்து வாட்ச்தான் ஜெயிக்கும். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைகிறவர் நிதானமாக வாங்குவார்.

உள்ளே ஓடுவது என்ன

செல் போட்ட வாட்ச்சின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை வடிவத்தில் வெட்டப்பட்ட அந்தத் துணுக்கில் மின்சாரம் பட்டால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். பதினைந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. அதனால் உள்ளே இருக்கும் சில்லு அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பு என்று குட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. நொடிமுள் ஒரு தட்டு நகர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 முதல் 20 நொடிக்குள்தான் முன்னேபின்னே போகும்.

மெக்கானிக்கல் வாட்ச்சில் செல் இல்லை. சுற்றி முறுக்கிய எஃகுச் சுருள் மெல்ல விரிகிறது. அந்த விசையைப் பல்சக்கரங்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது பேலன்ஸ் வீல். அதன் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். கையால் திருகி முறுக்கினால் சாவி வாட்ச். கை அசைவில் ஓர் எடைத்தட்டு சுழன்று தானே முறுக்கிக்கொண்டால் ஆட்டோமேட்டிக். இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்ச்கள் பலவற்றின் வேகம் மணிக்கு 28,800 துடிப்பு. ஒரு நாளைக்கு 6,91,200 என்றால், ஓர் ஆண்டில் 25 கோடியைத் தாண்டும். இவ்வளவு துடித்தும் நாளுக்குச் சில நொடிதான் தவறுகிறது என்பது மனிதக் கைத்திறனின் பெரிய சாதனை. ஸ்விட்சர்லாந்தின் சிஓஎஸ்சி என்ற சோதனை அமைப்பு குரோனோமீட்டர் சான்று தருவதற்கு வைத்திருக்கும் வரம்பு, நாளுக்கு 4 நொடி மெதுவாகவோ 6 நொடி வேகமாகவோ போகலாம் என்பது. ரோலக்ஸ் தனக்கு வைத்துக்கொண்டிருப்பது இரண்டு பக்கமும் 2 நொடி. பலரும் முதல் ஆட்டோமேட்டிக்காக வாங்கும் வாட்ச்களில் இருக்கும் செய்கோவின் என்ஹெச்35 மெஷினுக்கு, கம்பெனியே சொல்லும் வரம்பு நாளுக்கு 20 நொடி மெதுவிலிருந்து 40 நொடி வேகம் வரை. நாளுக்கு 10 நொடி என்றாலே மாதத்துக்கு 5 நிமிடம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலையுயர்ந்த கல் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அவை செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரங்களின் அச்சு உராய்ந்து தேயாமலிருக்க வைத்தவை. கல் எனத் தனியாக விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது.

குவார்ட்ஸ் என்றாலே மலிவு என்பது பின்னால் வந்த நிலைமை. முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ ஆஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 4,50,000 யென். பிறகு சில்லு மலிவாகி விலை சரிந்தது. ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அது 30,000 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இந்தியாவில் இதே கதை நம் சாலையிலேயே நடந்தது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரி தாண்டி, டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஓசூரை அடைகிறது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய கம்பெனி அது. அப்போது கடிகாரச் சந்தையின் ராஜா எச்எம்டி; 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கி, பெரும்பாலும் சாவி வாட்ச்களை நம்பி நின்றது. ஓசூர்க்காரர்கள் தொடக்கத்திலேயே குவார்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. டைட்டனோ 2002-இல் எட்ஜ் என்ற வாட்ச்சைக் கொண்டுவந்தது: மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் மெஷின் வெறும் 1.15 மில்லிமீட்டர். குவார்ட்ஸில் கைத்திறன் இல்லை என்று சொல்பவர்கள் அதை ஒருமுறை பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

கை எங்கே வேலை செய்கிறது

வாட்ச் வாங்கும் வழிகாட்டிகள் பலவும் பிராண்டில் தொடங்குகின்றன. இந்தப் பகுதி ஆள் தொடங்க வேண்டிய இடம் வேறு: அந்த வாட்ச் நாளெல்லாம் எதன் நடுவே இருக்கப்போகிறது?

டேனரியிலிருந்து தொடங்கலாம். பச்சைத்தோல் உப்புப் போட்டு வருகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் முடி கழிக்கச் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் வாயு வெள்ளியையும் பித்தளையையும் கறுக்க வைக்கும். உப்பு பல உலோகங்களை அரிக்கும். விலை குறைந்த பல வாட்ச்களின் கேஸ் பித்தளை மேல் முலாம் பூசியது. வியர்வையும் உப்பும் சேர்ந்தால் வார் மாட்டும் காதுப் பக்கமும் அடிப்பக்கமும் முதலில் முலாம் உரிந்து மஞ்சளாகப் பல்லிளிக்கும். ஆகவே இங்கே வேலை செய்பவர் டயலைப் பார்க்கும் முன் பின்மூடியைத் திருப்பிப் படிக்க வேண்டும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்றால் மூடி மட்டும்தான் ஸ்டீல், உடம்பு வேறு ஏதோ உலோகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றிருந்தால் நல்லது. அதுவும் வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் கேஸ் போட்ட டிஜிட்டல் வாட்ச். 1989-இல் வந்து இன்றும் அதே உருவத்தில் விற்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ ஏறத்தாழ ஏழு ஆண்டுக்கு ஒரே செல்லில் ஓடும். டிரம் அருகிலும், ஷேவிங், ஸ்பிளிட்டிங் மெஷினிலும் நிற்கும்போது எந்த வாட்ச்சும் வேண்டாம். சுழலும் உருளையில் வார் சிக்கினால் கையும் போகும்.

ஷூ கம்பெனிக்குள் சிக்கல் வேறு மாதிரி. அப்பர் மடித்துச் சுத்தியலால் தட்டும் வேலையில் அடி நேராகக் கைக்குள் ஏறுகிறது. பேலன்ஸ் வீலின் அச்சு முனை மிக நுண்ணியது. அதைக் காக்க இன்காப்லாக் போன்ற அதிர்வுதாங்கிகள் 1930-கள் முதல் இருக்கின்றன. ஷாக் ரெசிஸ்டன்ட் என்று போட வைத்திருக்கும் சர்வதேசச் சோதனை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டி மரத்தரையில் விழும் அடிக்குச் சமம். எப்போதோ ஒருமுறை கைதவறி விழுவதற்கு அது போதும். நாள் முழுக்கச் சுத்தியல் பிடிக்கும் வலது கைக்கு என்று யாரும் சோதித்துத் தருவதில்லை. மெக்கானிக்கல் ஆசை உள்ளவர் தட்டும் நேரத்தில் கழற்றி வைப்பதே நல்லது.

பை, பர்ஸ் தைக்கும் இடத்தில் எதிரி காந்தம். கைப்பையின் வாயை மூட வைக்கும் காந்தப் பொத்தான்கள் மேசை மேல் கொட்டிக் கிடக்கும். அவற்றின் மேல் கையை வைத்து எடுத்தால் போதும். மெக்கானிக்கல் வாட்ச்சின் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டால் சுருளின் வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல நடக்கும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். வாங்கிய கடையில் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போகும் முன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, வாட்ச்சை அதன் மேல் மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் தாறுமாறாக ஆடினால் காந்தம்தான் காரணமாக இருக்கக்கூடும். டீமேக்னடைசர் வைத்திருக்கும் கடையில் சில நொடி வேலை. குவார்ட்ஸ் வாட்ச்சும் காந்தத்துக்குப் பக்கத்தில் தடுமாறும், நிற்கவும் செய்யும்; ஆனால் எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். மணியை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். சிலிக்கானில் ஹேர்ஸ்பிரிங் செய்யும் புதிய வாட்ச்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. விலையுயர்ந்ததைத்தான் வாங்கப்போகிறோம் என்றால் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் விவரம் இது.

வேலூரில் சிஎம்சி போன்ற மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியருக்குப் பிராண்டைவிட நொடிமுள் முக்கியம். நாடி பார்க்க அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவார்கள். நொடிமுள் தெளிவான நிறத்தில், கோடுகளின் மேல் சரியாக வந்து நிற்பதாக இருக்க வேண்டும். தட்டுத் தட்டாக நகரும் குவார்ட்ஸ் முள் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் வேலைக்குத் தோல் வார் ஆகவே ஆகாது. சட்டையில் குத்திக்கொள்ளும் தொங்கு வாட்ச் நல்லது. அதிலும் குவார்ட்ஸ்தான் எளிது. நெஞ்சில் தொங்கும் ஆட்டோமேட்டிக்குக் கை அசைவு எங்கிருந்து கிடைக்கும்?

வெயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குவார்ட்ஸ் படிகம் 25 டிகிரி வாக்கில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம் மெதுவாகும். கையில் கட்டியிருக்கும்வரை தோலின் சூடு அதை ஒரு நிலையில் வைத்திருக்கும். பைக் டேங்க் கவரிலும், காரின் டாஷ்போர்டிலும் விட்டுப் போவதுதான் தப்பு. அங்கே செல்லும் சீக்கிரம் கெடும், மெக்கானிக்கல் வாட்ச்சின் எண்ணெயும் சீக்கிரம் உலரும்.

ஞாயிறு லீவு உள்ளவர் ஆட்டோமேட்டிக் வாங்கும்போது ஒரு கணக்குப் போட வேண்டும். சனி மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்து, திங்கள் காலை 7 மணிக்கு எடுத்தால் 37 மணி நேரம். என்ஹெச்35 முழுதாக முறுக்கியிருந்தால் 41 மணி நேரம் ஓடும். அரைகுறையாக முறுக்கியிருந்தால் திங்கள் காலை நின்றுபோயிருக்கும். டிஸ்ஸோ வாட்ச்களில் இருக்கும் பவர்மேட்டிக் 80 மெஷின் 80 மணி நேரம் தாங்கும். நின்றுபோன வாட்ச்சில் தேதி மாற்றும்போது இரவு 9-க்கும் அதிகாலை 3-க்கும் இடையில் முள் இருந்தால் தேதியைத் திருகக்கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பிடிமானத்தில் இருக்கும், பல் உடையும்.

வார் விஷயத்தில் ஏமாறக்கூடாத ஊர்

தோலில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர் வாட்ச் வாரில் ஏமாறுவது வருத்தமான விஷயம். ஆனால் நடக்கிறது, காரணம், வாட்ச்சைப் பார்க்கும்போது தோலைப் பார்க்கும் கண்ணை யாரும் எடுத்துப் போவதில்லை. ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரை, அது தோல் என்று மட்டும் சொல்கிறது. மேல் கிரெயினோடு இருக்கும் தோலா, அடியில் வரும் ஸ்பிளிட்டுக்கு மேலே பூச்சுக் கொடுத்து மாட்டுத்தோல் மாதிரி அச்சடித்ததா என்று சொல்வதில்லை. வாரை உள்பக்கமாக மடித்துப் பிடியுங்கள். நல்ல கிரெயினில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறையும். பூச்சுக் கொடுத்ததில் படலம் தனியே வெடிப்பு விடும், அல்லது பிளாஸ்டிக்போல மொத்தமாக மடியும். அடுத்து ஓரத்தைப் பாருங்கள்: வெட்டு விளிம்பில் பூசிய சாயத்தைத் தாண்டி எத்தனை அடுக்கு ஒட்டியிருக்கிறது என்று தெரியும். தையல் ஓட்டை ஊசிக்கு மேல் பெரிதாக இருந்தால் பின்னால் கிழியும். கடைசியாக, கையைத் தொடும் உள்தோல். வியர்வையெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ரெக்சின் ஒட்டியிருந்தால் இரண்டு கோடையில் உரிந்து வரும்.

பதனிடுவதிலும் வித்தியாசம் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் எனத் தாவரப் பொருளில் பதனிட்ட ஈஸ்ட் இந்தியா தோல் தமிழ்நாட்டின் பழைய பெருமை, புவிசார் குறியீடும் பெற்றது. கைபடப் படப் பளபளப்பு ஏறி அழகாகும். ஆனால் தண்ணீரும் வியர்வையும் அதிகம் பட்டால் கறுத்து விறைக்கும். குரோம் தோல் ஈரத்தை நன்றாகத் தாங்கும். சிலருக்கு வார் பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருவதற்குக் குரோமியம்-6 ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், உடம்பைத் தொடும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோதனை பழகிப்போன விஷயம். பெயரில்லாத மலிவு வாரில் யார் சோதிக்கப் போகிறார்கள்? அதனால் கம்பெனி வார் நைந்த பிறகு தெரிந்த தோலில் தெரிந்தவரிடம் தைத்துப் போட்டுக்கொள்வது இந்த ஊர்க்காரருக்கு மட்டும் வாய்க்கும் வசதி. காதுக்கு இடைப்பட்ட அகலத்தை, 18, 20, 22 என்று மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போக வேண்டும்.

வியர்வையின் காரணத்தால்தான் லட்சக்கணக்கில் விற்கும் டிரெஸ் வாட்ச்சோடு வரும் முதலைத்தோல் வாரை நினைத்து மயங்கக்கூடாது. நம் கோடையில் அது சீக்கிரம் நாறும், வெடிக்கும். மாற்று வாரின் விலைக்கே நல்ல டைட்டன் ஒன்று எடுத்துவிடலாம். விலையுயர்ந்த வாட்ச் வாங்கினாலும் ஸ்டீல் செயின் உள்ளதை எடுத்துக்கொண்டு, தோல் வாரை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பணக் கணக்கு

குவார்ட்ஸின் பத்தாண்டுச் செலவு ஒரு சின்னத் தாளில் அடங்கும்: வாட்ச் விலை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு செல், நைந்தால் வார். அவ்வளவுதான். பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடையில் போய், “பாய், செல் மாத்தணும்” என்று சொல்பவர் அந்த இரண்டு நிமிடமும் கைபேசியைப் பார்க்காமல் மேசையைப் பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்ததும் உள்ளே 6.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளிநிறச் செல் தெரியும். மேலே எழுதியிருக்கும் எண் 626 அல்லது அதற்கு இணையான 377 ஆக இருக்கும். பல வாட்ச்களில் அதுதான். மூடியின் விளிம்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். பின்மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். மூடும்போது அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா, முறுக்கிக்கொண்டதா, கீழே விழுந்து மறந்துபோனதா என்று கவனியுங்கள். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருந்தும் செல் மாற்றியபின் மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால், இந்த வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செல் தீரப்போகிறது என்று பல குவார்ட்ஸ் வாட்ச்கள் தாமே சொல்லும்: நொடிமுள் இரண்டு அல்லது நான்கு நொடியாகத் தாவத் தொடங்கும். தீர்ந்த செல்லோடு அலமாரியில் போட்டு வைத்தால் கசிந்து மெஷினை அரித்துவிடும்.

மெக்கானிக்கலில் வாங்கும் விலை ஆரம்பம்தான். உள்ளிருக்கும் எண்ணெய் வற்றும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்ட வேண்டும். விலையுயர்ந்த பிராண்டுகளில் அந்த ஒரு சர்வீஸுக்கே பல ஆயிரம் போகும். அந்த வேலை நம் பஜார் கடையில் நடக்காது. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாட்ச்சுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரல் 22 முதல் கடையிலேயே 1 சதவீதம் டிசிஎஸ் பிடித்து, வருமானவரிக் கணக்கில் பதிவாகும். ஸ்விஸ் வாட்ச்சுக்கான இறக்குமதி வரி, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய இஎஃப்டிஏ நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தப்படி ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு வருகிறது. அவசரம் இல்லாதவருக்குக் காத்திருப்பதில் லாபம் உண்டு. வளைகுடாவிலிருந்து வரும் மச்சான் கையில் கட்டிக்கொண்டு வந்து தரட்டும் என்று திட்டமிடுபவர், வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்திலேயே சுங்கம் கட்டச் சொல்ல வேண்டும். அதை மறைப்பது நல்ல சொந்தத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

‘முதலீடு’ என்ற சொல்லைக் கடையில் அடிக்கடி கேட்பீர்கள். சில ரோலக்ஸ், பட்டேக் பிலிப் மாடல்கள் வாங்கிய விலைக்கு மேல் போனது உண்மை. அந்த மறுவிற்பனைச் சந்தை 2022-இன் தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கியதும் உண்மை. மற்ற பெரும்பாலான வாட்ச்கள் கடை வாசலைத் தாண்டியதும் விலை இழக்கின்றன. அவசரத்துக்கு ஒரு வளையலைக் கொண்டுபோனால் எந்த ஊர் அடகுக்கடையிலும் அரைமணியில் பணம் கிடைக்கும். வாட்ச்சுக்கு அப்படி ஒரு கடை வேலூரில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். பெண்ணுக்குச் சேமிக்க நினைக்கும் குடும்பம் தங்கத்தை விட்டு வாட்ச் பக்கம் போகவே கூடாது.

பில்லைப் பத்திரமாக வைப்பது எவ்வளவு முக்கியம் என்று தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பாடம் கற்றது. 2022 டிசம்பரில், பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்டு ராஸ் ரஃபேல் வாட்ச்சுக்குப் பில் எங்கே என்று அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி கேட்டார். 500 மட்டுமே செய்யப்பட்ட மெக்கானிக்கல் வாட்ச் அது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 3 லட்சத்துக்கு வாங்கியதாகச் சொல்லி, 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லை வெளியிட்டார். இடைப்பட்ட மாதங்களில் டீக்கடை வரை ஓடியது பில்லைப் பற்றிய பேச்சுதான். அரசியல் இல்லாத வீட்டிலும் இது பொருந்தும்: பில், வாரன்டி கார்டு, சீரியல் எண், பெட்டி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பழையதை வாங்கினால், விற்றவர் கையெழுத்திட்ட ரசீதும், பணம் வங்கி வழியாகப் போன தடயமும் வேண்டும். திருட்டு வாட்ச் என்று பின்னால் தெரியவந்தால் இவைதான் காப்பாற்றும்.

யாருக்கு மெக்கானிக்கல்

இவ்வளவும் படித்த பிறகு மெக்கானிக்கல் வாட்ச்சை யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். வாங்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பின்மூடி கண்ணாடியாக இருக்கும் ஒரு ஆட்டோமேட்டிக்கைத் திருப்பி, பேலன்ஸ் வீல் மூச்சுவிடுவதுபோல் ஆடுவதைப் பார்த்து மனசு நின்றுபோகிறவர். கையால் தைத்த ஷூவின் வெல்ட்டைப் பார்த்ததும் மெஷின் தையலா கைத்தையலா என்று சொல்லிவிடுகிறவர். அந்த வித்தியாசத்துக்குப் பணம் தருவதில் தப்பே இல்லை. கைவேலையை வாங்குபவர் இருப்பதால்தான் ஆம்பூரில் கைவேலை உயிரோடு இருக்கிறது. கடன் வாங்காமல், அவசரத்துக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாமல், சர்வீஸ் செலவையும் தெரிந்துகொண்டு வாங்கினால் அது பல ஆண்டு சந்தோஷம். வரதட்சணைப் பட்டியலில் பிராண்டு பெயர் எழுதி வந்தால் மட்டும் பெண் வீட்டார் எழுந்து வந்துவிடலாம்.

லக்ஸரி என்றால் மெக்கானிக்கல் என்றும் இல்லை. சிட்டிசனின் காலிபர் 0100 என்ற குவார்ட்ஸ் ஆண்டுக்கே 1 நொடிதான் தவறும். அதே கம்பெனியின் எக்கோ-டிரைவ் வகை வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும். செல் மாற்ற மாதக்கணக்கில் நேரம் கிடைக்காதவருக்கு, தினமும் கொஞ்சம் வெயில் படும் கைக்கு, நடுத்தர விலையில் இதைவிட நல்லது இல்லை. பயிற்சிக்குச் சேர்ந்த பையனுக்கும் முதல் சம்பளம் வாங்கிய தங்கைக்கும் ஸ்டீல் கேஸ், 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட், தெளிவான நொடிமுள் உள்ள குவார்ட்ஸை யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கலாம். 50 மீட்டர் என்றாலும் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கக் கூடாது. 30 மீட்டர் என்பது மழைத்துளிக்கும் கைகழுவலுக்கும்தான்.

மெக்கானிக்கல் ஆசையும் சின்ன பட்ஜெட்டும் சேர்ந்தவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: பழைய எச்எம்டி. தாத்தாவின் பெட்டியில் கிடக்கும் ஜனதாவோ பைலட்டோ பெரும்பாலும் 17 கல், கையால் முறுக்கும் சாவி வாட்ச். நல்ல ரிப்பேர் கடையில் பிரித்துக் கழுவி எண்ணெயிட்டால் பல வாட்ச்கள் மறுபடி ஓடும். வீட்டில் இல்லாமல் வெளியே வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். பழைய மெஷினில் புதிதாக அச்சடித்த பளபளப்பான டயலை ஒட்டி, எச்எம்டி எப்போதும் செய்யாத நிறங்களில் விற்பது நிறைய நடக்கிறது. டயலில் உள்ள எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்; மை பரவியிருந்தாலோ, கோடுகள் சமமாக இல்லாமல் இருந்தாலோ ரீபிரின்ட். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துரு இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கின்றனவா, மெஷினில் எச்எம்டி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழுதாக முறுக்கி, மணியைக் கைபேசியோடு சரிசெய்து, முதல் இரவு டயல் மேலே இருக்கும்படியும், அடுத்த இரவு டயல் கீழே இருக்கும்படியும் மேசையில் வைத்து விட்டுக் காலையில் எவ்வளவு தவறியது என்று எழுதி வையுங்கள். இரண்டு நிலையிலும் ஒரே அளவு தவறினால் ரெகுலேட்டரைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம். ஒன்றில் சரியாகவும் மற்றதில் நிமிடக்கணக்கில் தவறியும் ஓடினால் பேலன்ஸ் அச்சு முனை தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்ததைப் பாருங்கள்.